சேற்றரக்கனின் தாக்குதல் பலம்

ஊரை ஆமிப் பட்டாளம் சுற்றி வளைத்துவிட்டது என்ற செய்தி காலை ஏழு மணிக்குத் தேற்றாத்தீவு முழுக்கப் பரவியபோது, பூபாலபிள்ளை தன் உயிரைப் பற்றி நினைக்கவில்லை. வீட்டில் இருந்த பதினேழு பூதங்களைப் பற்றித்தான் நினைத்தார்.

பூதங்கள் ஒரு நாற்பது பக்கக் கொப்பிக்குள் இருந்தன. கொப்பி நெல் மூட்டைக்குள் இருந்தது. அது மூட்டைக்குள் இருப்பது அவர் மனைவி சின்னத்தங்கத்துக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பூபாலபிள்ளை தபால் கந்தோரில் வேலை பார்ப்பவர். நாற்பது தாண்டிய மனிதர். முத்திரை குத்தும்போது மட்டும் வீரம் வரும். அவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி அஹமட்டுக்குக் காத்தான்குடியில் புடவைக் கடை. சின்னத்தங்கம் அவனை அண்ணன் முறையில் காக்கா என்பாள். அஹமட்டின் தம்பி துபாயிலிருந்து வரும்போது இங்கிலீசில் ஒரு புதுமாதிரிக் கதைப் புத்தகம் கொண்டுவந்திருந்தான். அதில் வாசிக்கிறவன்தான் வீரன். குகைக்குள் இடப்பக்கம் போவதென்றால் நூற்றுப் பன்னிரண்டாம் பந்தி, வலப்பக்கம் என்றால் நாற்பத்தேழாம் பந்தி. பூதம் எதிர்ப்பட்டால் தாயக்கட்டை இரண்டை உருட்டி, விழுந்த எண்ணோடு பலத்தைக் கூட்டிச் சண்டை போட வேண்டும். தோற்றால் செத்தான். திரும்பவும் முதலாம் பந்தி.

அது எண்பத்தாறாம் ஆண்டு. எந்த வழியால் போனால் உயிரோடு வீடு வந்து சேரலாம் என்று சனமெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரும், சேற்றரக்கன் என்ற பூதத்துக்குத் தண்ணீருக்குள் பலம் கூடுமா குறையுமா என்று நாலு மாதமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், அவன் சேத்துல பொறந்தவன். தண்ணிக்குள்ள இறங்கினா பலம் ரெட்டிப்பு," என்பான் அஹமட், புடவையை மடித்துக்கொண்டே.

"சேறு தண்ணியில கரையும்டா! கரைஞ்சா அரக்கன் அரைக்கன் ஆயிருவான். பலம் பாதி!"

"அப்பிடிச் சட்டத்தில எழுதி இரிக்கா?"

"இல்லையெண்டும் எழுதல்லையே!"

அஹமட்டை மடக்குவதற்காகத்தான் பூபாலபிள்ளை இங்கிலீசுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அந்தக் கொப்பியைப் போட்டார். பூதம் ஒவ்வொன்றின் பலம், பலவீனம், அது காவல் இருக்கும் சுரங்கத்தின் படம், எல்லாவற்றையும் முத்து முத்தான தமிழில் எழுதினார்.

போன கிழமை ஆமிக்காரர்கள் பக்கத்து ஊரைச் சுற்றி வளைத்து மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். அந்த மூன்று பேரும் இன்னும் வரவில்லை. அந்தச் செய்தி வந்த பின்னேரம் சின்னத்தங்கம் கொப்பியைத் திறந்தாள். முதல் பக்கத்தில் சுரங்கப் பாதை. இரண்டாம் பக்கத்தில், "வடக்கு வாசலில் காவல் இருவர். தாக்குதல் பலம் எட்டு. சத்தமில்லாமல் முடிக்கலாம்." மூன்றாம் பக்கத்துத் தலைப்பு, "தலைவனைக் கொல்ல மூன்று வழிகள்."

"இதென்ன?"

"விளையாட்டு, புள்ள."

"ஆமிக்காரன் பாத்தானெண்டா?"

"விளக்கமாச் சொல்லுவன்."

"எந்தப் பாசையில?"

"விளையாட்டில அதிர்ஷ்டம் எண்டும் ஒரு கணக்கு இரிக்கி. எனக்கு எட்டு விழுந்திருக்கு."

"அந்த எட்டு உங்களுக்கு எட்டாது. கொண்டு போய் எரிங்க, இப்பவே."

எரிக்க மனம் வரவில்லை. நாலு மாத உழைப்பு. வளவுக்குள் போய்ப் பழைய கலண்டர் ஒன்றை எரித்தார். கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, வெல்லாவெளி வயல் வட்டையிலிருந்து வந்த நெல் மூட்டையின் அடியில் புதைத்தார். முகத்தில் கொஞ்சம் கரியைப் பூசிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நல்லா எரிஞ்சிதா?"

"சாம்பலாப் போயித்து."

சின்னத்தங்கம் கரியைத் துடைக்கத் துவாயை எடுத்துக் கொடுத்தாள். பெண்சாதியை ஏமாற்றுவது இவ்வளவு லேசா என்று அன்றைக்கு அவருக்கு ஒரு பெருமை.

இன்றைக்கு ஆமி ஊருக்குள் நின்றபோது அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை.

ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் குந்த வைத்தார்கள். பெண்களை எதிர்ப்பக்கம் மரத்தடியில் நிறுத்தினார்கள். ஆமிக்காரர்கள் நீளக் கம்பிகளோடு வீடு வீடாகப் போனார்கள். பூபாலபிள்ளை வைக்கோல் போருக்குள் கம்பி போவதைக் கண்டார். வைக்கோலுக்குள் போகிற கம்பி நெல்லுக்குள் போகாதா? அவர் மரத்தடியைப் பார்த்தார். மன்னிச்சுக்க புள்ள என்று கண்ணாலேயே சொல்லப் பார்த்தார். சின்னத்தங்கம் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள்.

பத்து மணிக்கு ஆமிக்காரன் ஒருவன் வந்தான். கையில் பொலித்தீன் பை. பையில் ஒட்டியிருந்த நெல்மணிகள் வெயிலில் மினுங்கின.

ஆமிக்காரர்களில் பெரியவன் சிங்களத்தில் ஏதோ கேட்டான். தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் வீட்டுக்காரர் பட்டியலோடு முன்னுக்கு வந்தான்.

"யாரு பூபாலபிள்ளை?"

எழும்பினார். எழும்பினாரா, எழுப்பப்பட்டாரா என்று அவருக்கே தெரியாது. இருபது அடி நடக்க வேண்டும். நடந்தார். முதலாம் பந்திக்குத் திரும்பிப் போக இங்கே வழியில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"இது ஏன் நெல்லுக்குள்ள ஒளிச்சது?"

வாய் திறந்தது. உள்ளே இருந்ததில் எது முன்னுக்கு நின்றதோ அது வெளியே வந்தது.

"அரக்கன்..."

தமிழ் தெரிந்தவன் ஒரு அடி கிட்ட வந்தான்.

"யாரு அரக்கன்? எங்களயா சொல்றது?"

"இல்ல ஐயா! இல்ல... சேத்துல..."

பெரியவன் கத்தியை எடுத்தான். பூபாலபிள்ளை கண்ணை மூடினார். கிழிந்தது பொலித்தீன்தான். திறந்து பார்த்தபோது, அவன் கையில் கொப்பி இல்லை. சிவப்பு நாடாவால் கட்டிய ஒரு கட்டுக் கடிதங்கள். பழைய நீலத் தாள்கள். தமிழ் தெரிந்தவன் ஒன்றை உருவி, எழுத்தெழுத்தாகக் கூட்டி, மைதானத்துக்கே கேட்க வாசித்தான்.

"என் கண்ணே சின்னத்தங்கமே... பஸ் ஏறினால் கல்லடிப் பாலம் ஆடுவது போல்... நீ சிரித்தால் என் நெஞ்சு ஆடுகிறது..."

அவன் அதைச் சிங்களத்தில் சொன்னான். பெரியவனின் உதடு கோணியது. பிறகு ஆமிக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைக் கண்டு, சிரிக்கலாம் போலிருக்கிறது என்று ஊரும் சிரித்தது. அழுகை மாதிரியான ஒரு சிரிப்பு.

சின்னத்தங்கம் மரத்தடியிலிருந்து தலையைக் குனிந்தபடி வந்தாள். "கலியாணத்துக்கு முதல் எழுதினது ஐயா. புள்ளைகள் வாசிச்சிருவாங்க எண்டு வெக்கத்தில ஒளிச்சு வச்சிருக்கார்."

பெரியவன் கடிதங்களை அவள் கையில் கொடுத்தான். பூபாலபிள்ளையின் தோளில் ஒன்று போட்டான். அன்பாகப் போட்டதுதான். மூன்று நாள் வலித்தது.

பின்னேரம் நாலு மணிக்கு எல்லாரையும் விட்டார்கள். அன்றைக்கு ஒருவரையும் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பெண், "எங்கட மனிசனும் இரிக்காரே, ஒரு வரி எழுதியிருப்பாரா?" என்றது பூபாலபிள்ளையின் காதில் விழுந்தது.

குசினி வாசற்படியில் பொத்தென்று இருந்தார். சின்னத்தங்கம் தேத்தண்ணி கொடுத்தாள்.

"கொப்பி எங்க?"

"அண்டைக்கே எரிச்சாச்சு. நீங்க கலண்டர எரிச்ச நெருப்பு அணைய முதல்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எரிச்ச ஆளுக்கு நெத்தியில கரி. கையில நெல்லுத் தூசி."

"பேசாம வெறும் மூட்டையா விட்டிருக்கலாமே!"

"பொட்டலத்தக் காணல்லையெண்டா நீங்க வீட்டையே கிளறியிருப்பிங்க. அதோட, முழிக்கிற முழியப் பாத்தே எங்க ஒளிச்ச எண்டு ஆமிக்காரன் கேப்பான். ஒளிக்கத்தக்க வெக்கம் ஒண்டு அகப்பட்டா, சிரிச்சித்துப் போவான்."

பூபாலபிள்ளை ஒரு மிடறு குடித்தார். "எரிக்க முதல் வாசிச்சியா?"

"கொப்பியையும் வாசிச்சன், இங்கிலீசுப் பொத்தகத்தையும் வாசிச்சன். தண்ணிக்குள்ள அந்தச் சேத்தரக்கனுக்குப் பலம் ரெட்டிப்பு. கடைசி அட்டைக்கு உள்பக்கம் பொடி எழுத்தில போட்டிருக்கு. நீங்க ரெண்டு பேரும் அட்டைய ஒரு நாளும் திருப்பிப் பாக்கல்ல."

நாலு மாதம் போனது. கொப்பி போனது. சேற்றரக்கனும் போனான். மிஞ்சியிருந்த ஒரே பெருமையைப் பூபாலபிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எண்டாலும் புள்ள, கடைசியில என்ட கடிதம்தானே உசிரைக் காப்பாத்தினது? பதினாலு வருசமா எவ்வளவு பத்திரமா வச்சிருக்காய்!"

சின்னத்தங்கம் வெறும் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"வச்சிருக்கத்தானே வேணும். அஹமட் காக்கா எவ்வளவு பாடுபட்டு உங்களுக்கு எழுதித் தந்தவர்."