செண்டுமல்லித் தோட்டத்தில் என் முகம்

சௌபாக்கியவதி சுவரூபாவுக்கு அப்பா போசய்யா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் உயிரோடு நலம். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. துக்கம் விசாரித்தவர்கள் விடாமல் அடித்து என் போன் அணைந்துவிட்டது, அதனால்தான் கடிதம்.

கல்யாணமாகி உனக்கு இது முதல் பதுக்கம்மா பூப்பண்டிகை. நாளை மாமியார் வீட்டு வாசலில் உன் பூ அடுக்குதான் தெருவிலேயே உயரமாக நிற்க வேண்டும், இருபது கிலோ செண்டுமல்லி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? பூவும் அமோகமாக வந்தது. கண் படுமே என்று திருஷ்டி பொம்மை வாங்கக் கிளம்பினேன். "அதுக்கு எதுக்குக் காசு? உங்க மூஞ்சியையே பெருசா அடிச்சு நட்டு வைங்க, காக்கா கூட வராது" என்றாள் உன் அம்மா. அடித்தேன். வெறும் மூஞ்சி எடுப்பாக இல்லை என்று பிளெக்ஸ் கடைக்காரன் கீழே பேரும் அறுவடைத் தேதியும் போட்டுக் கொடுத்தான். அதைச் சாலையோரம் எல்லம்மா சாமிக் கல்லுக்கு முன்னால் நட்டேன், அங்கேதான் தப்பு. இன்று காலை பூப்பறிக்க வந்த லச்சவ்வா, வழக்கம்போல முதல் பூவை மாலையாகக் கட்டி எல்லம்மாவுக்குப் போடப் போனாள், கல் பேனருக்குப் பின்னால் மறைந்திருக்கவே, "எல்லாம் ஒண்ணுதான்" என்று என் கழுத்தில் போட்டுவிட்டாள்.

படம், பேர், தேதி, மாலை. ஊர் திரண்டுவிட்டது. பந்தலுக்குள் பீர்க்கங்காய் பறித்துக்கொண்டிருந்த நான் தலையில் துண்டோடு வந்து, "யாருண்ணா போயிட்டது?" என்று பக்கத்து வயல் கனகய்யாவிடம் கேட்டேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "நம்ம போசய்யாதான். வாய் கொஞ்சம் நீளம், ஆனா தங்கமான மனுஷன்" என்று மூக்கைச் சிந்தினான். மகளே, ஐம்பத்தாறு வயதில் இப்படி முதல் தடவை கேட்கிறேன், இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமே என்று சும்மா நின்றுவிட்டேன். ஊரோடு சேர்ந்து நானும் ஒரு கை பூ போட்டேன். உன் அம்மா வந்து துண்டை உருவியபோது தோட்டத்துப் பூ முக்கால்வாசி என் காலடியில் கிடந்தது.

"செத்தவனுக்குப் போட்ட பூ பதுக்கம்மாவுக்கு ஆகாது" என்றான் கனகய்யா.

"இவருதான் சாகலையே!" என்றாள் உன் அம்மா.

"போடறப்ப செத்துதானே இருந்தான்?"

ஊரே அதற்குத் தலையாட்டிவிட்டுக் கலைந்தது. மிச்சம் ஒரு பாத்திதான். அதைப் பறித்து, பீர்க்கங்காய் ஒரு மூட்டையோடு மாலை பஸ்ஸில் ஏற்றுகிறேன். உன் அடுக்கு முழங்கால் உயரம்தான் வரும், அப்பாவை மன்னித்துவிடு. மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வணக்கம் சொல். நீ தீர்க்காயுளோடு இரு, எனக்கும் அதில் கொஞ்சம் வேண்டிக்கொள்.

உன் அப்பா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது ஆட்டோ வந்து நிற்கிறது. யார் சொன்னார்களோ, நீயும் உன் மாமியாரும் அழுதபடி இறங்கி, என் படத்துக்குப் போட அந்தக் கடைசிப் பாத்தியைப் பறித்துக்கொண்டிருக்கிறீர்கள். கல்யாணத்தில் கத்தரிக்காய்க் கறிக்கு உப்பில்லை என்று சண்டை போட்ட உன் மாமியார், "என் சம்பந்தி மாதிரி உண்டா!" என்கிறார். நான் சட்டென்று எதிரே வந்தால் மயங்கி விழுவார். உன் அம்மாவோ சிரிப்பில் பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டாள். அதனால் பந்தலுக்குள்ளிருந்தபடி இதை லச்சவ்வாவிடம் கொடுத்தனுப்புகிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் அழு, அவரையும் இன்னும் கொஞ்சம் அழவிடு. கையிலிருக்கும் பூவை மட்டும் கீழே போட்டுவிடாதே.