முருகேசன் சித்தப்பாவின் செத்தவீடு

"கடலைக் காசு குடுத்துப் பாக்கப் போறவன் தமிழனே இல்லை!"

லண்டனின் மிச்சம் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். ஊர்ச்சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். செயலாளர் அம்பலவாணன் இதைச் சொல்லிவிட்டு, இவ்வளவு பெரிய உண்மையைத் தாங்கச் சபைக்கு அவகாசம் வேண்டுமே என்பதுபோல் சற்று நிறுத்தினார். வெளியே தொண்ணூற்று நான்காம் ஆண்டின் ஜனவரி மழை, பனியாகலாமா வேண்டாமா என்று யோசித்தபடி பெய்துகொண்டிருந்தது.

"மணலிலை போய்ப் படுத்துக் கிடக்கிறதுக்குப் பேர் விடுமுறையோ? எங்கட ஊரிலை கருவாடுதான் அப்பிடிப் படுக்கும். அதையும் இடைக்கிடை பிரட்டிவிட ஒரு ஆள் வேணும்!"

மண்டபம் அதிரச் சிரித்தது. இரண்டாவது வரிசையில் சிவானந்தன் மட்டும் தன் கையிலிருந்த ரோல்ஸை வெறித்துப் பார்த்தார். போன குளிர்காலம் குடும்பத்தோடு ஸ்பெயின் கடற்கரைக்குப் போய் வந்தவர் அவர். அன்று தொடக்கம் அவர் 'கருவாட்டுச் சிவானந்தன்'. பெயர் வைத்தவர் அம்பலவாணன்.

"எங்கட தலைவரைப் பாருங்கோ. போன மாசம் ரொறன்ரோவிலை மாமன்ரை செத்தவீட்டுக்குப் போனவர். அந்தப் பனிக்குள்ளை நிண்டு கடமை முடிச்சுப்போட்டு வந்திருக்கிறார். சோகத்திலை மனுசன் எப்பிடிக் கறுத்துப்போனார்! அதெல்லோ மனுசத்தன்மை!"

மேடையில் இருந்த தலைவர் அருட்பிரகாசம் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையிலேயே கறுத்துத்தான் இருந்தார். மூக்கில் தோல்கூட உரிந்திருந்தது. துக்கம் ஒரு மனிதனின் மூக்குத் தோல்வரைக்கும் போகும் என்பதைக் கண்டு சபை பிரமித்துப்போயிருந்தது.

வென்ற களையோடு வீட்டுக்கு வந்தார் அம்பலவாணன். ஹீற்றரோடு ஒட்டிக்கொண்டு, சுவெற்றருக்கு மேல் சுவெற்றர் போட்டபடி மனைவி தவமலர் இருந்தாள்.

"வாற திங்கள் பாபடோஸ் போறம். புக் பண்ணியாச்சு."

"உதெங்கை கிடக்கு?"

"கரிபியனிலை. பிரிட்ஜ்டவுன் எண்ட இடத்திலை இறங்கவேணும். ஹோட்டல் வாசல்ப் படியிலை இறங்கினால் கடலாம்."

அம்பலவாணன் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "இப்பத்தானேயப்பா பேசிப்போட்டு வாறன்!"

"பேசுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? பதினைஞ்சு குளிர் பாத்திட்டன். என்ரை காலுக்குள்ளை எலும்பில்லை, ஐஸ்தான் கிடக்கு. சாகிறதுக்கு முன்னம் ஒரு தை மாசத்திலை எனக்கு வேர்க்கவேணும். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டி நானும் பிள்ளையும் போறம்."

தவமலர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். அவளைத் தனியே அனுப்பவும் மனமில்லை. ஆனால் விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கே மிச்சத்தில் 'கருவாட்டு அம்பலவாணன்' பிறந்துவிடுவார். அவர் வைத்த பெயர்கள் எவ்வளவு உறுதியானவை என்பது அவருக்குத்தான் தெரியும். ஒன்றும் இதுவரை கழன்றதில்லை.

யோசித்து யோசித்துக் கடைசியில் தலைவரின் மூக்கு நினைவுக்கு வந்தது. செத்தவீட்டுக்குப் போகிறவனை யார் கேள்வி கேட்பார்கள்?

மறுநாள் அவருடைய கடைக்குப் பால் வாங்க வந்த சிவானந்தனிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தொடங்கினார்.

"ஒரு கிழமைக்கு நான் இல்லை. ரொறன்ரோ போறன். சித்தப்பா மோசம் போயிட்டார்."

"ஐயோ! எந்தச் சித்தப்பா அண்ணை?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "முருகேசன்... முருகேசன் சித்தப்பா."

"எந்த முருகேசன்? கரவெட்டியோ?"

"ஓம்."

"அப்ப அவர் என்ரை மனிசிக்குப் பெரியப்பா முறையெல்லோ!"

அம்பலவாணன் திடுக்கிட்டார். "சீச்சீ, அவரில்லை. இவர் கொழும்பிலை றெயில்வேயிலை இருந்தவர்."

"அவரேதான்! றெயில்வே முருகேசன்!" சிவானந்தன் பால் போத்தலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு யாழ்ப்பாணத்தானைச் சாகடிப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பது அம்பலவாணனுக்கு அப்போதுதான் விளங்கியது.

பின்னேரம் வீடு நிறையச் சனம். சிவானந்தனின் மனைவி கமலாம்பிகை வாசலிலேயே தவமலரைக் கட்டிக்கொண்டு குரலெடுத்தாள். "என்ரை பெரியப்பா! ஒருக்காலும் காணாமலே போட்டியளே!" தவமலரும் வேறு வழியில்லாமல் ஒப்பாரியில் சேர்ந்துகொண்டாள். அழுதபடியே, திறந்து கிடந்த சூட்கேசைக் காலால் மூடப் பார்த்தாள். மூட முடியவில்லை. மேலே அகலமான ஓலைத்தொப்பி ஒன்று இருந்தது.

"இதென்னக்கா, செத்தவீட்டுக்குத் தொப்பி?"

"செத்தவருக்கு விருப்பமாம்," என்றார் அம்பலவாணன் அவசரமாக. "பெட்டிக்குள்ளை வைக்க."

கமலாம்பிகை தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மாடிப்படியில் நின்ற மகள் சந்திரவதனா, "அப்பா, ஹூ இஸ் டெட்?" என்று கேட்டாள்.

"உன்ரை முருகேசன் தாத்தா."

"ஹூ?"

"பிள்ளை அதிர்ச்சியிலை நிக்குது," என்றார் சிவானந்தன். பிறகு தொண்டையைச் செருமினார். "அண்ணை, எங்களுக்கும் செத்தவீட்டுத் துடக்குத்தானே. வாற பொங்கலுக்கு நாங்கள் பொங்கேல்லை."

அம்பலவாணன் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "தூரத்துச் சொந்தம்தானே சிவா. துடக்கொண்டும் பிடிக்கத் தேவையில்லை. நீங்கள் வடிவாய்ப் பொங்குங்கோ."

"நேற்று நீங்கள்தானே மேடையிலை சொன்னனியள், மனுசத்தன்மையெண்டு? இரவெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான்." சிவானந்தன் எழுந்து நின்றார். "நானும் ரொறன்ரோ வாறன்."

"பிளேனிலை இடமில்லை!"

"அப்ப ஏயாப்போட்டுக்காவது வாறன்."

இதெல்லாம் முடியும்வரை மூலையில் பேசாமல் இருந்தவர் தலைவர் அருட்பிரகாசம். போகும்போது மட்டும் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றி அம்பலவாணனின் தோளில் போட்டார். முழங்காலைத் தாண்டும் கோட்டு. நடுப் பொத்தான் விழுந்த இடத்தில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான்.

"இது ரொறன்ரோ போய் வந்த கோட்டு. கொண்டுபோ."

"அங்கை எப்பிடி அண்ணை?"

தலைவர் கண்களை எங்கோ தூரத்தில் வைத்தார். "என்னத்தைச் சொல்ல. கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை."

திங்கட்கிழமை விமான நிலையத்துக்கு இரண்டு வான் வண்டிகளில் சனம் வந்தது. ரொறன்ரோ வரிசையைச் சிவானந்தனே கண்டுபிடித்து, சூட்கேசுகளைத் தள்ளிக்கொண்டுபோய் அவர்களை அதில் நிறுத்தினார். வரிசை நகர்ந்தது. சனம் நகரவில்லை. ஒலிபெருக்கி கரகரத்தது.

"அண்ணை, பிரிட்ஜ்டவுன் போற ஆரோ அம்பலவாணனைக் கடைசியாய்க் கூப்பிடுறாங்கள்."

"அது வேறை அம்பலவாணன்."

"பாவம், எந்த ஊர் அம்பலவாணனோ!"

"சிவா, பாக்கிங்கிலை நிக்கிற வானை இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். ஓடுங்கோ!"

சனம் ஓடியது. அம்பலவாணன் குடும்பம் எதிர்ப்பக்கம் ஓடியது.

பாபடோசில் விமானத்தின் கதவு திறந்தபோது, யாரோ சோற்றுப்பானையின் மூடியைத் திறந்ததுபோல் வெக்கை முகத்தில் வந்து மோதியது. தவமலர் படியிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை. மேலுதட்டை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வேர்க்குது!"

அம்பலவாணன் கோட்டைக் கழற்றவில்லை. கறுத்துப்போய்த் திரும்பினால் கதை கந்தல். தலைவரைப்போல் துக்கத்தின் மேல் பழியைப் போடலாம்தான். ஆனால் ஒரு சங்கத்துக்குள் இரண்டு பேருக்கு ஒரே மாதிரித் துக்கம் வருமா? ஆகவே கடற்கரையில் குடைக்குக் கீழே, கோட்டோடு, கழுத்துவரை பொத்தான் பூட்டி உட்கார்ந்தார். கடலுக்கு முதுகைக் காட்டி இருந்தார். நடந்துபோன வெள்ளைக்காரர்கள் அவரைக் கும்பிடுவதா, டாக்டரைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் போனார்கள்.

கைக்குக் கோட்டுப் பையில் ஏதோ நெருநெருத்தது. எடுத்துப் பார்த்தார். மணல். பனிக்கு றோட்டில் கொட்டுகிற மணல் தலைவரின் பைக்குள்ளும் புகுந்திருக்கிறதென்றால் ரொறன்ரோவில் எப்பேர்ப்பட்ட பனியாக இருந்திருக்கும் என்று வியந்தார்.

பொங்கலன்று காலை தவமலரின் சிரிப்புக் கேட்டது. அவர் அறியாத சிரிப்பு. மிச்சத்தில் ஒரு வீட்டில் தன்னால் பொங்கல் இல்லை என்று எண்ணி வருந்திக்கொண்டிருந்தவர், தன்னை மறந்து திரும்பிவிட்டார்.

திரும்பியிருக்கக் கூடாது.

அந்தத் தண்ணீருக்கு நீலமென்று சொல்ல வாய் வரவில்லை. பச்சையென்றாலும் பொய்யாகும். நின்ற இடத்தில் வெளிச்சமாக நின்றது. கழுத்தளவு தண்ணீரில் நின்ற மனைவியின் கால்விரல்கள் கரையிலிருந்தே தெரிந்தன. பதினைந்து வருடம் சொக்ஸுக்குள் இருந்த கால்கள். அவள் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி, அது உண்மையா என்று பார்ப்பதுபோல் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். மகள், "அப்பா, இற்ஸ் வோர்ம்!" என்று கத்தினாள். தை மாதம். சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்காமல், இவ்வளவு பெரிய சூடு. யாருக்கும் பில் வராத சூடு.

சங்கத்தில் இதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மெல்ல எழுந்தார். சிவப்புப் பொத்தானைக் கழற்றினார். கோட்டைக் குடைக்கம்பியில் தொங்கவிட்டார். பெனியனையும் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெறும் மணலில் மல்லாக்கப் படுத்தார். மணலின் சூடு முதுகுக்குள் இறங்க இறங்க, தன்னுடைய எலும்புகளும் ஐஸாகத்தான் இருந்திருக்கின்றன என்பது தெரிந்தது.

கதிரை வாடகைக்கு விடுகிற கிழவர் அந்தப் பக்கமாக வந்தார். கோட்டைப் பார்த்ததும் நின்றார். சிவப்புப் பொத்தானைத் தடவிப் பார்த்துவிட்டு, பல் முழுதும் தெரியச் சிரித்துக்கொண்டு தன் ஊர் ஆங்கிலத்தில் சொன்னார்:

"அட, இந்தக் கோட்டா! போன மாதம் இதைப் போட்டுக்கொண்டு லண்டனிலிருந்து வந்த ஐயாவுக்கு ரொறன்ரோவில் யாரோ செத்துப்போயிருந்தார்கள்!"

அம்பலவாணனுக்கு முதுகு வெந்தது போதுமென்று பட்டது. சத்தமில்லாமல் மற்றப் பக்கம் பிரண்டு படுத்தார்.