கையைக் காட்டுங்க, சார்

கிருமிகளைப் பற்றிப் படித்தவனுக்குத் தன் உடம்பிலும் கிருமி இருக்கும் என்று தோன்றவே தோன்றாது. எனக்குத் தோன்றவில்லை. (பட்டம் வாங்கிய கையாயிற்றே, கிருமிகள் மரியாதையாக விலகி நிற்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.)

சுதந்திரத்துக்குப் பத்து வருஷம் முன்னால் சுகாதார இலாகா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பியது. கெட்டுப்போன உணவிலிருந்து கிருமிகளை எடுத்து, வளர்த்து, இன்னதென்று கண்டுபிடிக்கிற வேலை. ஓர் அறை, ஒரு மைக்ராஸ்கோப், மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் ஒரு பெட்டி. "அவிய காலராவ வீட்டுல வச்சு வளக்குதாகளாம்" என்று ஊரெல்லாம் பேச்சு. பால்காரர் செம்பைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். எட்டு மாதம் என் வாசலில் ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் இருக்கிறதா என்று பார்க்க நானே சத்தமாகப் பேசிக்கொள்வேன்.

ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் ராஜபாளையம் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவேன். அறுப்புப் பண்டிகைக்கு அங்கே அசனம் உண்டு. சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்குச் சமைக்கிற அருளப்பன் ஒருநாள், "சார், ஒத்தாசைக்கு வாரீகளா?" என்று கேட்டார். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மூன்று தடவை கேட்டுக்கொண்டேன்.

பண்டிகையன்று விடியற்காலையிலேயே போனேன். போனவன் சும்மா இருந்தேனா? சமையல்காரர்களை வரிசையாக நிற்க வைத்து நகங்களைப் பார்த்தேன். சோப்புப் போடச் சொன்னேன். அருளப்பனை இரண்டு தடவை போடச் சொன்னேன். அவரும் போட்டார். பிறகு, ஆற வைத்த பால் பாயசத்தில் பழத்தைப் பிசைந்துவிடும்படி என்னிடம் சொன்னார்.

என் ஆள்காட்டி விரலில் ஒரு கட்டி. துணி சுற்றியிருந்தேன். துணி அசுத்தம் என்பது என் படிப்பு. ஆகவே துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவி, ஆசையாகப் பிசைந்தேன்.

மத்தியானம் பந்தி. சாயங்காலத்துக்குள் பாதிச் சபை வேலி ஓரம் குனிந்து நின்றது. நானும் நின்றேன். பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மில் தொழிலாளி, "உங்களுக்குமா சார்?" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஊரோடு சேர்ந்து நான் செய்த முதல் காரியம் அதுதான்.

மறுநாள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அருளப்பன் பெயர்தான் கெட்டுவிட்டது. ஒத்துக்கொண்ட இரண்டு கல்யாணச் சமையலும் கைவிட்டுப் போயின. நிஜத்தைக் கண்டுபிடிப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்தேன். மிச்சப் பாயசத்திலிருந்த கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது பொன்மஞ்சள் புள்ளிகள் வந்தன. சமையல்காரர்கள் கைகளில் அது இல்லை. ஒப்புக்கு என் விரலையும் இன்னொரு தட்டில் ஒற்றி வைத்தேன். மறுநாள் தட்டு முழுக்கப் பொன்மஞ்சள்.

அந்தத் தட்டைப் படிக்கத் தெரிந்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். கழுவிவிட்டால் முடிந்தது. சொன்னால் மறுபடி அந்த எட்டு மாதம். பயமாக இருந்தது. இரண்டு நாள் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றேன். "அருளப்பன் கையில் ஒன்றுமில்லை. என் விரலில்தான் இருந்தது" என்றேன்.

அருளப்பன் கேட்டார்: "எங்க நகத்தையெல்லாம் பாத்தீகளே சார். உங்க கைய யாரு பாத்தா?"

"யாரும் பார்க்கலை" என்றேன். பார்க்க எனக்கு யார் இருந்தார்கள்?

அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் இருந்தேன். கூப்பிட்டார்கள், சாப்பிட மட்டும். இலைக்கு முன்னால் அருளப்பன் என் இரண்டு கையையும் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்த்தார். "ம், உக்காருங்க" என்றார். பந்தியே சிரித்தது.

அதுவே வழக்கமாகிவிட்டது. அருளப்பன் இப்போது இல்லை. "கையைக் காட்டுங்க, சார்" என்று அவர் மகன் கேட்கிறான். அவன் பிள்ளைகள் பின்னால் நின்று சிரிக்கிறார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றும் வெகுகாலம் ஆகிவிட்டது. வருஷத்தில் ஒருநாள் என் கையை ஒருவர் பிடித்துப் பார்க்கிறார் என்பதற்காகவே, முந்தின நாளே நகம் வெட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.