பதினோரு வருடத் தற்காலிகத் தலைவர்

தற்காலிகத் தலைவர் என்றோர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடியிருப்போர் சங்கம், திருவிழாக் கமிட்டி, பழைய மாணவர் மன்றம் என்று எங்கே நாலு நாற்காலி போட்டாலும், கை வைத்த ஐந்தாவது நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பார். "எனக்கு எதுக்குப்பா பதவி? வேற ஆள் கெடைக்கற வரைக்கும்தான்" என்பார். ஆள் கிடைக்கவே மாட்டான்.

வடக்குப்பட்டுக்குப் பக்கத்து மனைப்பிரிவு ஒன்றின் நலச் சங்கத்துக்குத் தற்காலிகத் தலைவர் தாமஸ். லாரி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். தற்காலிகமாகத் தலைவராகிப் பதினோரு வருடம் ஆகிறது.

காலையில் டீக்கடையில் பேப்பரை விரித்தாரென்றால் நாட்டையே திருத்தாமல் மடிக்க மாட்டார். "ரெண்டு வாட்டிக்கு மேல எவனையும் சீட்ல குந்த வுடக்கூடாதுப்பா. சட்டமே போடணும்!" வாக்காளர் பட்டியல் திருத்தம் வந்துவிட்டால் வீடு வீடாகப் போய், "ஓட்டு இன்னா சும்மாவா? உரிமைம்மா அது!" என்று நெஞ்சு விம்மப் பேசுவார். பொய்யில்லை, மனதாரப் பேசுவார்.

சங்க விதியிலும் இரண்டு தடவைதானே என்கிறீர்களா? ஆமாம், அவரே எழுதிய விதி. ஆனால் முதல் தடவை பாதியில் தொடங்கியதால் கணக்கில் வராது. கொரோனாக் காலம் யாருக்குமே கணக்கில்லை. நடுவில் மனைவி அன்னபுஷ்பம் நாற்பது நாள் தலைவராக இருந்ததால், பாவம், அந்த அம்மாவுக்கே அது தெரியாது, எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. எப்படி எண்ணினாலும் இந்த மாதத்தோடு இரண்டு முடிகிறது. அந்தக் கவலையில் தாமஸுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

அங்கே பாதி வீடுகளில் குடியிருப்பவர்கள் சுங்குவார்சத்திரம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டில்லை. ஆனால் கூட்டம் செல்லுபடியாக நாற்பது கையெழுத்து வேண்டுமே? வீட்டுக்காரர்களோ ஓ.டி. என்றும் கல்யாணம் என்றும் நழுவிவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்கும் தாமஸ் இந்தப் பெண்களை அழைத்து வந்து, போண்டாவும் டீயும் கொடுத்து, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவார். கை தூக்கும் நேரத்தில் மட்டும், "நீங்கள்லாம் சும்மா குந்தும்மா" என்பார். பதினோரு வருடமாக இது யாருக்கும் வினோதமாகப் படவில்லை.

போன தை மாதம், தன் வீட்டு வாசல் ரோடு கெடுகிறதென்று, கம்பெனி பஸ் மனைப்பிரிவுக்குள் வரக்கூடாதெனத் தலைவர் கையெழுத்தில் தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் போட்டார். அன்றிலிருந்து விடியாத இருட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துதான் பெண்கள் பஸ் பிடிக்கிறார்கள். அவர்களில் சந்திரலேகா என்ற பெண்ணை நாய் கடித்து, ஊசியெல்லாம் போட்டாயிற்று.

இந்த ஞாயிறு பூசை முடிந்து கூட்டம். முப்பத்தொன்பது கையெழுத்து விழுந்துவிட்டது. நாற்பதாவதாகப் பேனாவை வாங்கிய சுகப்பிரியா, திருநெல்வேலிப் பெண், சந்திரலேகாவின் அறைத்தோழி, எழுதாமல் நின்றாள்.

"சார், நாங்க கையெழுத்துப் போட்டாத்தான் கூட்டம் நடக்கும். அப்பம் எங்களுக்கும் ஓட்டு உண்டுல்லா?"

"அதெப்டிம்மா? நீங்க வாடகைக்கு கீறவங்க. மெம்பரே இல்ல."

"மெம்பர் இல்லாதவ கையெழுத்து எப்படிச் செல்லும்? பழைய எலெக்‌ஷன்லயும் பாதிக்கு மேல எங்க ஆளுகதான இருக்கு?"

செயலாளர் இராமச்சந்திரன் ரிஜிஸ்டரைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார். "அப்டிப் பாத்தா ஒரு எலெக்‌ஷனும் செல்லாது சார். நீங்க தலைவராவே ஆகல."

வேறொருவராக இருந்தால் கூனிக் குறுகியிருப்பார். தாமஸின் முகமோ பளிச்சென்று மலர்ந்தது.

"கேட்டுக்கினீங்களா? நான் தலைவராவே ஆவலயாம்! அப்போ என் மொத டெர்மே ஸ்டார்ட் ஆவல. ரெண்டும் முழுசா பாக்கி கீது!"

சுகப்பிரியா நிதானமாகச் சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம் சார். அப்பம் பஸ்ஸ நிறுத்தச் சொன்னது தலைவர் இல்ல, சும்மா தாமஸ் சார்தான? அத இதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. கம்பெனில காட்டுதோம்."

தலைவர்தான் என்றால் இன்றே இறங்க வேண்டும். இல்லை என்றால் நாளை பஸ் வந்துவிடும். தாமஸ் தவித்துப் போய் மனைவியைப் பார்த்தார்.

"போடுங்க கையெழுத்த," என்றார் அன்னபுஷ்பம். "புள்ளைங்க இருட்டுல நடக்குதுங்க."

போட்டார். புதன்கிழமை விடியலில் பஸ் தெருவுக்குள் வந்தது. சந்திரலேகா வாசலிலேயே ஏறினாள். நினைத்தாலே மனம் குளிர்கிறது. ஓட்டா? வாடகைக்காரர்களுக்கு ஓட்டுத் தரலாமா என்று ஆராய ஒரு கமிட்டி போட்டிருக்கிறார்கள். அதற்குத் தலைவர் தாமஸ், தற்காலிகமாக.

சிரித்தாயிற்றா? நல்லது. அப்படியே கைபேசியை எடுத்து, உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். இத்தனை வருடமாக அதற்கு அட்மின் யார்? மச்சினர் ஏதோ கேள்வி கேட்டார் என்பதற்காக, அட்மின் தவிர யாரும் பதிவிட முடியாதபடி அதைப் பூட்டி வைத்தது யார்?