கியர் என் கையில்தான், மாப்பிள்ளை

கருவேப்பிலங்குறிச்சி
20-11-2007, செவ்வாய்க்கிழமை

மரியே வாழ்க!

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மாப்பிள்ளை சார்லஸ் அவர்களுக்கு, மாமனார் சவரிராஜ் தன் கைப்பட எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உங்கள் அத்தை அமலராணியும் சுகம். சென்னையில் நீங்களும் என் மகள் டெய்சியும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலையில் உங்களுக்காக ஒரு பத்து மணி தனியாகச் சொல்லி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் பேச்சைப் பேசிவிட்டுப் போனதிலிருந்து, அந்தப் பத்து மணியை நான் மட்டும் கொஞ்சம் அவசரமாகச் சொல்லி முடிக்கிறேன். இதை மறைக்க விரும்பவில்லை.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். போனில் சொன்னால், "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளையிடம் மரியாதை குறையக் கூடாது என்று அமலராணி கதவோரம் நின்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். ஆகவே மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்: டிரைவர் அர்ச்சுனனை அடுத்த வாரம் வியாழக்கிழமை அனுப்ப வேண்டாம். வந்தால் அவனுக்குக் காபி கொடுத்து, அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்புவேன். "இனிமே நீங்க லெப்ட் சீட்ல ஜம்முனு உக்காந்துக்கங்க மாமா" என்றீர்களே, அந்த லெப்ட் சீட்டில் நான் உட்கார மாட்டேன். மீசை முளைத்த நாளிலிருந்து வலது பக்கம் உட்கார்ந்தே பழகியவன் நான். லெப்ட் சீட்டு என்பது "பாத்து, பாத்து" என்று கத்துகிறவர்கள் உட்காருகிற இடம்.

நடந்ததை நியாயமாகப் பாருங்கள். ஆடி மாதம் என் இடது முட்டியில் ஆபரேஷன் நடந்தது. கிளச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வண்டி ஓட்டக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. நான் கட்டிலில் கிடந்த சமயம் பார்த்து, என் மாருதி வேனை யாருக்கோ கொடுத்துவிட்டு, உங்கள் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். "கிளச்சே கிடையாது மாமா, சும்மா உக்காந்தா போதும், அதுவா போவும்" என்றீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால், அதுவாகப் போகும் என்றால் நான் எதற்கு? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். மாத்திரை மயக்கத்தில் விட்டுவிட்டேன்.

முதல் நாள் கோயிலுக்குக் கிளம்பினோம். என் இடது காலுக்குக் கிளச் இல்லை என்ற சேதியை யாரும் சொல்லியிருக்கவில்லை. வேகத்தடையைக் கண்டதும் அது பழக்கதோஷத்தில் தாவிப் போய்ப் பெரிதாக இருந்த ஒரு பெடலை ஓங்கி மிதித்தது. அது பிரேக்கு. வண்டி அப்படியே குத்திட்டு நிற்க, அமலராணியின் நெற்றி முன்னால் போய் முட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு. அந்தப் புடைப்போடு அவள் கோயிலில் முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார, ஊர் மொத்தமும் அவளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறது. பங்குச் சாமியார் அன்றைக்குப் பார்த்துக் குடும்ப சமாதானத்தைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பூசை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்ன சவரி, திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். "சாமி, கிளச் இல்ல சாமி" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும், செபம் பண்ணுங்க" என்றார். அன்று முதல் வண்டியில் ஏறும்போது இடது கால் செருப்பைக் கழற்றி வைத்துவிடுகிறேன். செருப்புப் போட்ட காலுக்கு வேலை, போடாத காலுக்கு லீவு. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ஒரு தவறும் நடக்கவில்லை.

விருத்தாசலம் பாலக்கரையில் நடந்ததை அத்தை உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாக டீயை வாங்கினேன். சூடாக இருந்தது; ஊதுவதற்காகக் காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவ்வளவுதான். என் வேன் நின்றால் நின்றதுதான், மாடு படுத்த மாதிரி. உங்கள் கார் பிரேக்கை விட்டதும் நைசாக நகர ஆரம்பித்துவிட்டது. கையில் டீ, மடியில் டீ, டீ மாஸ்டர் பின்னாலேயே ஓடிவருகிறான்: "பெரியவரே, கிளாஸு! கிளாஸ குடுத்துட்டுப் போங்க!" திருடிக்கொண்டு ஓடுகிறேன் என்றே நினைத்துவிட்டான். ஒரு தள்ளுவண்டிக்காரரின் கொய்யாப்பழக் கூடையருகே போய்த்தான் நிற்க வைத்தேன். கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவும் கியர்த் தண்டை 'டி' என்ற எழுத்தில் வைத்து, கியரை வண்டியே போட்டுக்கொள்ள விட்டு ஓட்டியபோது. அப்புறம்தான் கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சந்து இருப்பதைப் பார்த்தேன். தண்டை அந்தப் பக்கம் சாய்த்தால் மேலே பிளஸ், கீழே மைனஸ். கியரை நாமே போடலாம், கிளச் தேவையில்லை! மாப்பிள்ளை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று வருஷம் வைத்திருந்தீர்களே, ஒரு நாளாவது அந்தச் சந்துக்குள் போயிருப்பீர்களா? கை இரண்டும் நன்றாக இருக்கும்போது ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்து நான் டி-யில் ஓட்டுவதில்லை, ஓட்டவும் மாட்டேன்.

சரி, ஒட்டக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அதை வைத்துத்தானே எனக்குத் தீர்ப்பு எழுதினீர்கள். வீட்டுக் கொட்டகையில் நாங்கள் வார்க்கிற கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை வேகவைக்க விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் பொதுச் சூளைக்குக் கொண்டுபோவது எப்போதும் நான்தான். வேகாத களிமண் பொம்மை அப்பளம் மாதிரி, ஒரு குலுக்கலுக்குத் தாங்காது. வேனில் நான் கியர் மாற்றினால் பின்சீட்டில் இருக்கிற குழந்தை ஏசுவுக்குக்கூடத் தெரியாது. போன வாரம் முதல் லோடை உங்கள் காரில் ஏற்றி, பிளஸ் மைனஸில் போட்டுக் கிளம்பினேன். வேனில் ஒன்று மேலே, இரண்டு கீழே, மூன்று மேலே, நாலு கீழே. கைக்கு அது ரத்தத்தில் ஊறிப்போனது. இந்தக் காரில் ஏறுவதெல்லாம் மேலே, இறங்குவதெல்லாம் கீழே. மூன்றில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். நாலு போட வேண்டும். கை கேட்குமா? கீழே இழுத்துவிட்டது. வண்டி இரண்டுக்கு இறங்கி "ஊ"வென்று அழுது ஒரு உலுக்கு உலுக்கியது. பின்னால் வந்த ஸ்ரீமுஷ்ணம் பஸ் டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்தியா?" என்றான். சூளையில் போய்த் திறந்து பார்த்தால் மூன்று ராஜாக்களும் சௌக்கியம். ஒட்டகங்களுக்குத்தான் கால் இல்லை.

அமலராணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஒரு ஒட்டகத்துக்கு நாலு காலு ஒட்டணும்னா எம்மா நேரம் ஆவுது தெரியுமா? அதான் தானா போட்டுக்குதே, அது பாட்டுக்கு வுட வேண்டியதுதானே!" என்றாள். தானாம்! அந்தத் தானா என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. இந்த வண்டியின் குணத்தைக் கேளுங்கள். மெதுவாகப் போகும்போது பிளஸ் போட்டால் போடாது, "பீப்" என்று மறுக்கும். நான் பேசாமல் இருந்தாலோ, ஓரமாக நிற்கப் போகும்போது என்னைக் கேட்காமல் அதுவாக ஒன்றுக்கு இறங்கிக்கொள்ளும். அப்படியென்றால் என்னை எதற்குக் கேட்க வேண்டும்? "உங்க இஷ்டம் மாமா" என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செய்கிறது. உங்கள் வண்டியாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தக் கால் இல்லாத ஒட்டகங்களைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அர்ச்சுனன் வருவான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தீர்கள். டெய்சி என் கையைப் பிடித்து, "போதும்ப்பா, எவ்ளோ நாள்தான் ஓட்டுவீங்க?" என்றாள். எனக்கு வலித்தது. முட்டி வலியைச் சொல்லவில்லை. பிறந்த மூன்றாம் நாள், அவள் தூக்கத்தில்கூடச் சிணுங்காதபடி ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியில் கொண்டுவந்தவன் நான். என்னைப் பார்த்துப் போதும் என்று அவள் சொல்லலாமா?

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நாளைக் காலை இரண்டாவது லோடு போகிறது. கால் புதிதாக ஒட்டிய ஒட்டகங்கள் அத்தனையும் அதில்தான். இந்த முறை விட்டால் கிறிஸ்துமஸுக்குள் நமக்குச் சூளையில் இடம் கிடைக்காது. ஓட்டப் போவது நான், வலது பக்கம் உட்கார்ந்து, பிளஸ் மைனஸில். ஒரே ஒரு ஒட்டகத்தின் கால் போனாலும் சாவியை அர்ச்சுனன் கையில் நானே கொடுக்கிறேன். போகவில்லை என்றால் இந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது, டெய்சியும் சேர்த்துத்தான். முடிந்தால் என் வேன் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். உங்கள் காரை நன்றாகக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பேரனுக்கு என் முத்தங்கள். டெய்சிக்கு ஆசீர்வாதம், கோபம் இன்னும் இருக்கிறது என்றும் சொல்லவும். தேவமாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
யாருக்கும் அசையாத உங்கள் மாமனார்,
அ. சவரிராஜ்

பின்குறிப்பு: புதன்கிழமை மாலை. தபாலில் போடுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது.

காலையில் எழுந்தால் முட்டி வீங்கியிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் பொம்மைகளை ஏற்றிவிட்டு வலது பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே அமலராணி உட்கார்ந்திருந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். முன்கண்ணாடியில் சிவப்பில் ஒரு 'எல்' ஒட்டியிருந்தது. விஷயம் என்னவென்றால், நான் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது உதவிக்கு வந்திருந்த டெய்சி, மத்தியானம் நான் தூங்குகிற நேரத்தில் அம்மாவைக் கோயில் மைதானத்துக்குக் கூட்டிப்போய் இந்தக் காரிலேயே பழக்கியிருக்கிறாள். எல்.எல்.ஆரும் வாங்கிவிட்டார்கள். உங்களுக்கும் தெரியாதாம், நம் இருவரையும் ஒன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

"எறங்குடி" என்றேன். "மாட்டேன். இது என் ஒட்டகம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "ஏங்க, எனக்கு ஸ்டீயரிங்கும் பிரேக்கும்தான் வரும். இந்தப் பிளஸ்ஸு மைனஸ்ஸு எல்லாம் எனக்குப் புரியாது. நீங்க இந்தாண்ட உக்காந்து போடுங்க. லைசென்ஸ் இருக்கறவங்க பக்கத்துல இருந்தாத்தான் நான் ஓட்டலாமாம்" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கியர்த் தண்டும் லெப்ட் சீட்டுக்காரனின் வலது கைக்கு வாகாகத்தான் இருக்கிறது. வேனில் இப்படிப் பக்கத்தில் இருந்து போட முடியாது, கிளச்சை மிதிக்கிறவரே கியரும் போட வேண்டும். இதில் முடியும்.

போனோம். அவள் "போடுங்க" என்றால் நான் மேலே தள்ளினேன், "எறக்குங்க" என்றால் கீழே இழுத்தேன். சூளையில் போய்த் திறந்து பார்த்தோம். ஒரு ஒட்டகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. அமலராணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவளோடு எவ்வளவோ தூரம் போயிருக்கிறேன், ஒரு தடவைகூடப் பக்கத்தில் இருந்து அவள் முகத்தைப் பார்த்ததில்லை. என் கண் எப்போதும் ரோட்டில் இருந்தது. நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறாள். அழகாக இருந்தாள், மாப்பிள்ளை. அதில் கியரை மறந்துவிட்டேன். அவள் பிரேக்கை அழுத்த, வண்டி வேகம் குறைந்து, தானாகவே மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிக்கொண்டது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியர் எண் மாறியதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். என் கை தண்டின் மேல் சும்மாதான் இருந்தது.

"கரெக்டா எறக்கினீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன்.