எங்கூட்டு மாடி பால்கனியான வரலாறு

ஓய்வு பெற்ற மனுசன் சும்மா உக்காரக் கூடாதுங்கறது கோயமுத்தூர்ச் சட்டம். எந்தச் சட்டப் புத்தகத்துலயும் அது இல்லைங்க. ஆனா மீறினா ஊரு மதிக்காது. பெரியநாயக்கன்பாளையத்துல இருந்த பம்புசெட்டு ஸ்பேர் கடையைப் பையன் கவின்கிட்ட ஒப்படைச்சுப்போட்டு வந்த நான், மொதல்ல காலைல நடந்தேன். அப்புறம் சாமை, தெனைன்னு தின்னேன். தெருவே அதைத்தான் செய்யுது, அதுல அங்கப்பனுக்குன்னு என்ன தனிப் பெருமை? அந்தச் சமயத்துல ஊருக்குள்ள புதுசாப் பரவிட்டிருந்த மோஸ்தரு பாரம்பரியம். பழைய பாலம், பழைய மில்லு, பழைய கெணறு எல்லாத்துக்கும் ஏற்கனவே ஆளு இருந்தாங்க. பழைய சினிமாக் கொட்டகைதான் கேப்பாரில்லாமக் கெடந்துச்சு. நான் போய் அதைப் புடிச்சுக்கிட்டேன்.

அதுக்குன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்துச்சு. பேரு, கோவை வட்டாரப் பழந்திரையரங்க ஆய்வுப் பேரவை. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், காப்பாளர்னு எல்லாருக்கும் பதவி உண்டு; வெறும் உறுப்பினரா இருந்தது நான் ஒருத்தன்தான். ஞாயித்துக்கெழமையானா எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கிட்டு, கொட்டகையை இடிச்ச எடம் எதுக்காவது போவோம். இப்ப அங்க டைல்ஸ் கடை இருக்கும். வாசல்ல நின்னு பெருமூச்சு உடுவோம். வியாபாரம் வந்துருச்சுன்னு கடைக்காரரு சந்தோசமா வெளிய வருவாரு. அவருகிட்டயே போனைக் குடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லிப்போட்டு, காப்பி குடிக்கப் போயிருவோம்.

எங்கூட்டுப் பழைய கிரயப் பத்திரத்துல, நாலெல்லை சொல்ற எடத்துல, 'டாக்கீஸ் கொட்டகைக்குப் போகும் வண்டித்தடம்'னு ஒரு வரி இருக்குது. ஆகா, எங்கூருலயும் ஒரு பழைய கொட்டகை இருந்திருக்குதுன்னு குரூப்புல எழுதினேன். தலைவர் தனபால், கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருக்கறவரு, உடனே பதில் போட்டாரு: "ஆவண ஆதாரமற்ற கொட்டகையைப் பேரவை கொட்டகையாகக் கருதாது." அதுக்குக் கீழ எல்லாரும் கும்புட்ட கை படம் போட்டாங்க. எனக்கு ரோசம் வந்துபோச்சுங்க. அந்தக் கொட்டகையோட சர்க்கார் ஃபைலைப் பாக்காம உடறதில்லைன்னு முடிவு பண்ணினேன்.

எங்கூட்டுக்காரி ராசாத்தாளுக்கு வேற கவலை. எங்க பொண்ணு லோகப்பிரியா பெங்களூர்ல இருந்து புருசன், புள்ளைகளோட எங்ககூடவே வந்து இருக்கறேன்னு சொல்லியிருந்தா. தை பொறந்தா அவளுக்கு இங்க வேலை. அதுக்குள்ள மேல ஒரு மாடி கட்டியாகோணும்.

"ஏனுங்க, கொட்டகையத் தேடி அலையற நேரத்துல மாடிக்கு அனுமதி வாங்கிப்போட்டு வந்தா ஆகாதுங்களா?"ன்னா.

"ரெண்டும் ஒரே கட்டடத்துலதான் அம்மணி. ஒரே நடையா முடிச்சுப்போட்டு வாரேன்"ன்னேன்.

சம்பந்தப்பட்ட அலுவலகத்தோட பேரைச் சொல்ல மாட்டேனுங்க. சொல்லோணும்னா அவங்ககிட்ட அனுமதி வாங்கோணும், அதுக்கு எனக்கு ஆயுசு பத்தாது. மாடிக்கு மனுவைக் கீழ் ஜன்னல்ல குடுத்துப்போட்டு மேல பதிவறைக்குப் போனேன். அங்க இருந்த எழுத்தர் சண்முகப்பிரியா நல்ல மரியாதையான புள்ள. நாற்காலி போட்டு உக்கார வெச்சுது.

"முடிஞ்ச ஃபைலுங்களா ஐயா, முடியாத ஃபைலுங்களா?"

"கொட்டகை போயே முப்பது நாப்பது வருசம் இருக்கும் கண்ணு. முடிஞ்சதுதான்."

"முடிஞ்ச ஃபைலுன்னா அழிச்சிருப்போமுங்க. விதி."

"அப்ப முடியாததுன்னு வெச்சுக்க."

"நடவடிக்கையில இருக்கற ஃபைலைப் பொதுமக்களுக்குக் காட்டக் கூடாதுங்க. அதுவும் விதிதானுங்க."

"அப்ப வரலாறு எழுதறவன் எந்த ஃபைலைத்தான் கண்ணு பாக்கறது?"

புள்ள எனக்காக நெசமாவே யோசிச்சுது. "சம்பந்தப்பட்டவங்களா இருந்தாக் காட்டலாமுங்க. கொட்டகைக்கு நீங்க என்ன வேணுமுங்க?"

கொட்டகைக்கு நான் மாமனா, மச்சானா? பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். அந்தப் புள்ள சர்வே நம்பரை ஒரு பெரிய பதிவேட்டுல தேடிப் பாத்துட்டு மொகம் மலந்து சொல்லுச்சு: "ஐயா, வண்டித்தடம் முடியற எடமே உங்கூடுதானுங்க. கொட்டகை நின்ன சர்வே நம்பர்லதான் நீங்க குடியிருக்கீங்க!"

எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு. ஊரெல்லாம் தேடுன கொட்டகை எங்கூட்டுச் சோபாவுக்கு அடியில! 'மேற்படி கொட்டகையின் தற்போதைய அனுபோகதாரர்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா ஃபைலைப் பாக்கலாம்னு புள்ள சொல்லுச்சு. போட்டேன். ஒரு சுழி எச்சாவே சுழிச்சுப் போட்டேன்.

ஃபைல்னா அதான் ஃபைலு. டூரிங் கொட்டகைக்குக் குடுத்த உரிமம் இருந்துச்சு. மண்ணு, பெஞ்சு, நாற்காலின்னு வகுப்பு பிரிச்ச வரைபடம் இருந்துச்சு. ரேடியோச் சத்தத்துல எம்மாடு பால் சொரக்கறதில்லைன்னு ஒரு தோட்டத்துக்காரர் மனு. பாட்டுப் போடாத அன்னைக்குத்தான் எம்மாடு ஒதைக்குதுன்னு இன்னொருத்தர் மறுமனு. ரெண்டையும் கவனமாப் பரிசீலிச்சு, மாடுகளை நேர்ல விசாரிக்க உத்தரவிட்ட அதிகாரி குறிப்பு. படிச்சு முடிக்கறப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உரிமத்தை ரத்து பண்ணுன தாள் மட்டும் அதுல இல்லை. அது ஒரு கொறையா எனக்கு அப்பத் தெரியலைங்க.

நகலெடுத்துக் குரூப்புல போட்டேன். பேரவை ஆடிப்போச்சு. அந்த ஞாயித்துக்கெழமையே எல்லாரும் பனியனோட எங்கூட்டு வாசலுக்கு வந்து பெருமூச்சு உட்டாங்க. தனபால் எனக்குச் சால்வை போத்தி, கள ஆய்வாளர்னு பதவி குடுத்தாரு. ராசாத்தாள் அத்தனை பேருக்கும் காப்பி வெச்சா. "ஏனுங்க, மாடி மனு என்னாச்சுங்க?"ன்னு அப்பவும் கேட்டா. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த நேரத்துல பொம்பளைங்க இப்படித்தான்.

அடுத்த வாரமே பதில் வந்துருச்சு. "மேற்படி புல எண்ணில் உரிமம் ரத்து செய்யப்படாத திரையரங்கம் இயங்கி வருவதாலும், தாமே அதன் அனுபோகதாரர் என மனுதாரர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதாலும், திரையரங்கின் மீது குடியிருப்பு கட்ட விதிகளில் இடமில்லை."

ராசாத்தாள் ரெண்டு தடவை படிச்சா. "வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டீங்க"ன்னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா. அன்னைக்குப் பொழுதோட லோகப்பிரியா போன் பண்ணுனா. "அப்பா, இங்க ஊட்டைக் காலி பண்றேன்னு சொல்லிப்போட்டேன். மாடி எவ்வளவு தூரமுங்கப்பா?" நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, அஸ்திவாரத்தை ஆராய்ஞ்சிட்டிருக்கோம் கண்ணுன்னேன்.

கொட்டகையே இல்லை, வந்து பாருங்கன்னு மனு எழுதிப்போட்டேன். ஆய்வு பண்ண ஸ்ரீனிவாஸ்னு ஒரு ஆய்வாளர் வந்தாரு. நல்ல உச்சி வேளை. வாசப்படி மிதிச்ச மனுசனைச் சோறு தின்னச் சொல்லாம அனுப்பறது எங்க பக்கத்துல வழக்கமில்லை. ராசாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நெய்யும் ஊத்துனா. மனுசன் மறுசோறு வாங்கித் தின்னுபோட்டுக் கையைக் கழுவிக்கிட்டு வந்து படிவத்தை விரிச்சாரு.

"திரை?"ன்னு கேட்டுட்டு, டிவியைப் பாத்து 'உண்டு'ன்னு எழுதுனாரு.

"இருக்கை?" சோபா. உண்டு. "ஆண், பெண் கழிப்பறை தனித்தனி?" உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. உண்டு. "அவசர வழி?" ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிக் கதவு. உண்டு.

"சார், இது ஊடுங்க"ன்னேன்.

"தெரியுதுங்க அண்ணா."

"அப்பக் கொட்டகை இல்லைன்னு எழுதுங்களேன்."

"ஏனுங்கண்ணா, நெய்யூத்திச் சோறு போட்ட ஊட்டுல ஒக்காந்துக்கிட்டு, அது இல்லை இது இல்லைன்னு எழுத மனசு வருமுங்களா? உப்பைத் தின்னவனுங்க நானு."

சிற்றுண்டி வசதிங்கற கட்டத்துல 'மிக நன்று'ன்னு போட்டு, அடிக்கோடு வேற போட்டாரு. அந்த அறிக்கையைத் தூக்கி எறிய மாவட்டத்துல எந்த அதிகாரியாலயும் முடியாதுங்க. அவ்வளவு சுத்தமான அறிக்கை.

வேற வழி ஒண்ணுதான் இருந்துச்சு. இந்தத் துறையில நிபுணத்துவம் வாய்ந்த அமைப்பு ஏதாவது, மேற்படி கொட்டகை இல்லைன்னு சான்று குடுத்தா உரிமத்தை ரத்து பண்ணலாமாம். எங்க பேரவையை உட்டா வேற அமைப்பு ஏது? தனபால்கிட்ட ஓடினேன்.

"என்னங்க அங்கப்பண்ணா, இருக்கற கொட்டகையை இல்லைன்னு சொல்லச் சொல்றீங்க? ஆவண ஆதாரம் இருக்குதுங்களே!"

"அது நான் குடுத்த ஆதாரமுங்க."

"அதனாலதானுங்க சந்தேகப்பட முடியலை. உங்க ஆராய்ச்சிக்கு நீங்களே துரோகம் பண்ணலாமுங்களா?"

குரூப்புல மறுபடியும் கும்புட்ட கைங்க.

கடைசில காப்பாத்துனது ராசாத்தாள் ஊத்துன நெய்தான். ஸ்ரீனிவாஸ் ஒரு நாள் அவரே தேடி வந்தாரு. "அண்ணா, கொட்டகை மேல குடியிருப்புத்தானுங்க கட்டக் கூடாது. கொட்டகைக்குப் பால்கனி கட்டறதுக்கு யாரு தடை சொன்னாங்க?" மனுவை மாத்தி எழுதினோம். பால்கனியில ரெண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, ஒரு பூசையறை. 'பார்வையாளர் ஓய்வு கருதி'ன்னு ஒரு வரி. ஆறு மாசம் அலைஞ்சாலும் மாடிக்குக் கெடைக்காத அனுமதி பால்கனிக்கு ஆறு நாள்ல கெடைச்சுது. தைக்கு முன்னால என் பொண்ணு பால்கனிக்குக் குடி வந்துட்டா.

செய்தி பரவாம இருக்குமுங்களா? மொதல்ல வந்தது தனபால். பனியன் இல்லாம அன்னைக்குத்தான் அவரைப் பாத்தேன். பையனுக்கு மாடி கட்ட ரெண்டு வருசமா அலையறாராம்.

"அண்ணா, கணபதியில எங்க எடத்துலயும் ஏதாச்சும் கொட்டகை இருந்திருக்குமுங்களா?"

"ஆதாரம் வேணுமுங்களே தலைவரே."

"அதுக்குத்தானுங்களே நீங்க இருக்கீங்க."

அவரு வாயால அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. டூரிங் கொட்டகைங்கறது ஊரூராப் பேந்து போய் நின்ன ஒண்ணு. அது நிக்காத காடு இதுதான்னு யாரு அறுதியிட்டுச் சொல்ல முடியும்? எழுதிக் குடுத்தேன். அடுத்தது துணைத் தலைவர், செயலாளர், காப்பாளர். அப்புறம் ஸ்ரீனிவாசே வந்தாரு, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கற சாளை ஊட்டைப் பெருசாக் கட்டோணும்னு. யானை எறங்கற எடத்துல எவன் படம் பாக்க வந்திருப்பான்னு எனக்கும் தோணுச்சு. ஆனா எங்கூட்டுல சோறு தின்ன மனுசன். எழுதிக் குடுத்தேன். ஒரு வருசத்துல எங்க பக்கம் ஊடுகளுக்குச் சமமாக் கொட்டகைங்க ஆயிருச்சு. எல்லாத்துக்கும் பால்கனி உண்டு.

இத்தனை நேரம் ஒண்ணைச் சொல்லாம உட்டுட்டேனுங்க. எங்கூருல நெசமாவே படம் ஓடற கொட்டகை ஒண்ணு இருந்துச்சு. பாலகோபால்னு ஒருத்தர் நடத்திட்டிருந்தாரு. பேரவை ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. ஓடிட்டிருக்கற கொட்டகையில ஆராய என்ன இருக்குது? அவரு வழக்கம் போல உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருக்காரு. கொட்டகைக்கும் கொட்டகைக்கும் இத்தனை தூரம் இடைவெளி வேணும்னு விதியாம். 'அங்கப்பன் திரையரங்கிற்கு மிக அருகில் அமைந்திருப்பதால்'னு எழுதித் திருப்பி அனுப்பிச்சுட்டாங்க.

விசயம் தெரிஞ்சதும் பேரவை துடிச்சுப்போச்சு. 'ஒரு சகாப்தம் சாய்ந்தது'ன்னு தனபால் குரூப்புல எழுதுனாரு. அந்தக் கொட்டகைக்குள்ளயே பிரியாவிடை விழா வெச்சோம். புதுப் பனியன். குடும்பத்தோட வந்திருந்தாங்க, எடமில்லாம நின்னாங்க. பேசுனவங்கெல்லாம் அழுதாங்க. நானும் அழுதேன். பொய் அழுகை இல்லைங்க, எங்கூட்டுப் பால்கனி நெனப்பு வந்துருச்சு. ஆனா அதை மைக்குல சொல்லலை. சொந்த மண்ணோட திரைப் பண்பாட்டைப் பத்தித்தான் பேசினேன், எல்லாரையும் விட எச்சா நேரம்.

கெளம்பறப்ப பாலகோபால் என் கையைப் புடிச்சாரு. "அண்ணா, இத்தனை சனம் உள்ள வந்து எத்தனையோ வருசமாச்சுங்க. மெசினு தயாரா இருக்குது. கடைசியா ஒரு படம் போடட்டுங்களா? டிக்கெட்டெல்லாம் வேண்டாமுங்க. சும்மா உக்காந்து பாத்தீங்கன்னாப் போதும்."

எல்லாரும் அவங்கவங்க போனை எடுத்துப் பாத்தாங்க.

"ரெண்டரை மணி நேரம் ஆகுமுங்களே?"ன்னு ஒரு கொரல் கேட்டுச்சு.

கேட்டது தனபால் இல்லைங்க. நான்தான்.