ஓரெஸ்ட் பார்த்த கரடி

சுற்றுலாவின் கடைசி நாள். வனப்பூங்கா எல்லைக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்தான், கரடியைக் காணோம். ஓரெஸ்ட் வண்டியை நத்தை வேகத்தில் உருட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் காட்டைத் துழாவினார். பக்கத்தில் மனைவி லெஸ்யா சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு வயது முப்பது. தேனிலவுக்கு இதே மலைக்கு வந்தபோது, அவள் வண்டியில் தூங்கிக்கொண்டிருக்க, சாலையோரம் ஒரு கரடி நின்றதாக ஓரெஸ்ட் சொன்னார். அவள் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும், சும்மா இருந்தாளா? சர்ச் விருந்தோ, யார் வீட்டுக் கல்யாணமோ, "எங்காளு கரடி பார்த்த கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். யார்க்டனில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிற மனுஷனை ஊரே கரடிக்காரர் என்றது. முப்பதாவது கல்யாண நாளுக்கு இங்குள்ள வனப்பூங்கா நான்கையும் சுற்றலாம் என்று அவர் கிளம்பியதே போன மானத்தை மீட்கத்தான். ஏழு நாளில் கண்ணில் பட்டதெல்லாம் மலையாடும் காக்காயும்.

ஒரு வளைவு திரும்பியதும் சாலையோரம் நீல வண்டி ஒன்று நின்றது. அதன்மேல் சாய்ந்து கைகட்டியபடி ஒரு ஆள் காட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். இந்த மலையில் ஒருத்தர் நின்று காட்டைப் பார்த்தால் கரடி என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. ஓரெஸ்ட் சடாரென்று பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"அதோ, அந்தப் புதருக்குப் பின்னாடி. பழுப்பா ஒரு முதுகு தெரியுது பாரு."

"அது மரக்கட்டை, ஓரெஸ்ட்."

"மரக்கட்டை அசையுமா?"

அசையத்தான் செய்தது. அதற்குள் பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. என்னவென்று கேட்டவர்களிடம் ஓரெஸ்ட் கரடி என்றார். அது வண்டிக்கு வண்டி தாவி, நாலாவது வண்டிக்குப் போவதற்குள் தாய்க்கரடியாகி, எட்டாவது வண்டியில் இரண்டு குட்டியும் போட்டுவிட்டது. குட்டிகளை நீங்கள் பார்த்தீர்களா என்று ஒருவர் வந்து கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கலாம். லெஸ்யா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாளே. நான்தான் முதலில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார்.

அரை மணியில் சாலை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. வனக்காவல் அம்மாள் வந்து, யார் பார்த்தது என்று கேட்டாள். பத்து விரல்கள் ஓரெஸ்டைக் காட்டின. எத்தனை என்று கேட்டாள். இனி எங்கே பின்வாங்குவது? தாயும் இரண்டு குட்டியும் என்றார். குட்டிகளோடு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் ஆபத்து, வேட்டுப் போட்டு விரட்ட வேண்டும் என்று எல்லோரையும் வண்டிக்குள் ஏறச் சொல்லிவிட்டு, வேட்டுத் துப்பாக்கியை எடுத்தாள்.

லெஸ்யா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"குனிஞ்சு குனிஞ்சு பழம் பறிச்சுத் திங்குது, பாவம். முப்பது வருஷமா உன்னைப் பொய்யனாக்கிட்டேன். இனி இந்த வாய் அந்தப் பேச்சையே எடுக்காது."

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து முத்தம் கொடுத்தாள். ஓரெஸ்ட் கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

வனக்காவல் அம்மாள் துப்பாக்கியை உயர்த்தினாள். இத்தனை நேரமும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்காத அந்த நீல வண்டிக்காரர், கட்டியிருந்த கையை மெல்லப் பிரித்தார்.

"வேட்டு வேண்டாம்மா, அது என் பொண்டாட்டி, இன்னும் எகிறுவா. இன்னிக்கு எங்க கல்யாண நாள், நான் மறந்துட்டேன்."